மண்டப அட்வான்ஸ் முதல் வேலை பாண்ட் வரை... ஒப்பந்தத்தை மீறினால் எவ்வளவு கட்டணும்?

கல்யாணத் தேதி குறித்த அடுத்த வாரமே ஒரு குடும்பம் எத்தனை ஒப்பந்தம் போடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மண்டபம், சமையல், போட்டோ - வீடியோ, மேடை அலங்காரம், மேக்கப், நாதஸ்வரம், ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக். எல்லாத்துக்கும் அட்வான்ஸ். சிலதுக்கு ரசீது, சிலதுக்கு வாட்ஸ்அப்பில் 'ஓகே அண்ணா, டேட் பிளாக் பண்ணிட்டேன்', சிலதுக்கு வெறும் வாய் வார்த்தை.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் அந்த ரசீதை யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. நடக்காவிட்டால்தான் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் வரி கண்ணில் படும்: 'அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.' படித்ததும் நம்மில் பலர், 'சரி விடு, போனது போனதுதான்' என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

முதல் வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் பாண்டும் இதே கதைதான். 'இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் இவ்வளவு லட்சம் கட்ட வேண்டும்' என்ற ஒரு வரிக்குப் பயந்து, பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உங்கள் நண்பர்களிலேயே இருப்பார்கள்.

இரண்டு இடத்திலும் நாம் நம்புவது ஒன்றைத்தான்: காகிதத்தில் எழுதியிருக்கும் தொகைதான் கடைசி வார்த்தை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் அதற்குப் பொறுப்பு உண்டு. ஆனால், அது தண்டனை இல்லை, கணக்கு. எதிர்த் தரப்புக்கு நியாயமாக எவ்வளவு நஷ்டம் என்பதுதான் அந்தக் கணக்கு. காகிதத்தில் இருக்கும் எண், அதற்கு மேல் போகக் கூடாது என்கிற உச்சவரம்பு மட்டும்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். எங்கே உண்மையிலேயே பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பத்திரம் இல்லாவிட்டாலும் ஒப்பந்தம்தான்!

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை, 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம். 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று ஆப்பில் நீங்கள் தட்டும் 'ஐ அக்ரீ' பட்டனுக்கும் அதே சட்டம்தான்.

'ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதினாத்தான் செல்லும்' என்பது நம்ம ஊரில் பரவலான நம்பிக்கை. நிலம், வீடு வாங்குவது போன்ற சில விஷயங்களுக்கு எழுத்தும் பதிவும் கட்டாயம். மற்றபடி ஒருவர் சொல்லி, இன்னொருவர் மனதார ஒப்புக்கொண்டு, இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று கைமாறுவதாக இருந்தால் போதும், ஒப்பந்தம் உருவாகிவிடும். வாய் வார்த்தையும் செல்லும். வாட்ஸ்அப் சாட்டும் செல்லும். மின்னணு முறையில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது.

செல்லுமா என்பது பிரச்னை இல்லை. நிரூபிக்க முடியுமா என்பதுதான் பிரச்னை. 'சரிண்ணா, பேசிக்கலாம்' என்று போனில் முடித்த விஷயத்துக்கு நாளை சாட்சி யார்?

எல்லா வாக்குறுதிக்கும் ஒரே எடை கிடையாது

மண்டபத்தில் எதுவெல்லாம் தப்பாகப் போகலாம்? ஒன்று, உங்கள் முகூர்த்த நாளில் மண்டபத்தையே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று, மண்டபம் இருக்கிறது; ஆனால் மணமகள் அறையில் ஏ.சி ஓடவில்லை. இரண்டுமே சொன்ன சொல்லை மீறியதுதான். இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது, ஒப்பந்தத்தின் உயிர். அது இல்லாவிட்டால் நீங்கள் பணம் கொடுத்ததற்கே அர்த்தமில்லை. இதை 'நிபந்தனை' என்கிறார்கள். இது மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டு, கொடுத்த பணத்தையும் நஷ்டஈட்டையும் கேட்கலாம். இரண்டாவது, கூடவே வரும் ஒரு வாக்குறுதி. இதை 'உத்தரவாதம்' என்கிறார்கள். இது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் அதைக் காரணம் காட்டி மொத்த ஒப்பந்தத்தையும் தூக்கிப்போட முடியாது. ஏ.சி ஓடவில்லை என்பதற்காக, கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டு 'வாடகையே தர மாட்டேன்' என்றால் எடுபடாது.

பொருள் வாங்கி விற்பதற்கான 1930-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வித்தியாசம் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. சேவைகளில் இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரே ஆண்டில், 1876-ல், வந்த இரண்டு தீர்ப்புகளைச் சொல்வார்கள். இரண்டிலும் பாடகர்கள்தான் கதாபாத்திரங்கள்.

ஒரு பாடகி, புதிய இசை நாடகத்தின் முக்கிய வேடத்துக்கு ஒப்பந்தமானார். உடம்பு சரியில்லாமல் முதல் சில நாள் காட்சிகளுக்கு வர முடியவில்லை. நிர்வாகம் வேறு ஒருவரைப் போட்டுவிட்டது. இவர் குணமாகி வந்தபோது 'வேண்டாம்' என்றுவிட்டது. முதல் நாள் காட்சியே ஒப்பந்தத்தின் உயிர் என்பதால் நிர்வாகம் செய்தது சரி என்றது நீதிமன்றம். இன்னொரு பாடகர், நிகழ்ச்சிகளுக்கு ஆறு நாள் முன்பே ஒத்திகைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் முன்புதான் வந்தார். அவரையும் 'வேண்டாம்' என்றார்கள். 'அது தப்பு. பல வாரம் பாட வந்தவருக்கு, ஒத்திகை நாள்கள் உயிரான விஷயம் இல்லை. நஷ்டம் இருந்தால் நஷ்டஈடு கேளுங்கள்' என்றது நீதிமன்றம்.

உங்கள் ரிசப்ஷன் கச்சேரிக்கும் இதே அளவுகோல்தான். ட்ரூப் வரவே இல்லை என்பது வேறு; சொன்ன கீபோர்டு கலைஞருக்குப் பதில் இன்னொருவர் வந்தார் என்பது வேறு. ஆனால் 'இந்தப் பாடகர் வந்தால்தான் எனக்குக் கச்சேரியே வேண்டும்' என்று முதலிலேயே எழுதிக் கேட்டிருந்தால், அவர் வருவதே நிபந்தனையாகிவிடும். எது உங்களுக்கு உயிர் என்பதை முன்கூட்டியே சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நேரமும் அப்படித்தான். 'சமயத்துக்குள் செய்வதே முக்கியம்' என்று இரு தரப்பும் நினைத்திருந்தால், தாமதமே பெரிய மீறல் என்கிறது சட்டத்தின் 55-வது பிரிவு. காலை 6 முதல் 7.30 முகூர்த்தம் என்று தெரிந்தே ஒத்துக்கொண்ட நாதஸ்வரக் குழு 8 மணிக்கு வந்து நின்றால், 'ரெண்டு மணி நேரம் லேட்டுதானே சார்' என்று சொல்ல முடியாது.

நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சமையல் கான்ட்ராக்டர் போன் செய்து, 'பெரிய ஆர்டர் ஒன்னு வந்துடுச்சு, உங்களுக்கு வர முடியாது' என்கிறார். கல்யாண நாள் இன்னும் வரவில்லை. இது மீறலா?

மீறல்தான். ஒருவர் தன் வேலையைச் செய்யவே மாட்டேன் என்று முன்கூட்டியே மறுத்தால், எதிர்த் தரப்பு அப்போதே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 39-வது பிரிவு. இதற்கான பழைய தீர்ப்பு 1853-ல் வந்தது. ஜூன் 1-ம் தேதி தொடங்கும் ஒரு பயணத்துக்கு உதவியாளராக ஒருவரை ஏப்ரலில் பேசி வைத்தார்கள். மே மாதமே 'நீ வேண்டாம்' என்றார்கள். அவர் ஜூன் வரும்வரை காத்திருக்காமல் மே மாதமே வழக்குப் போட்டார், ஜெயித்தார். அதனால், 'வர முடியாது' என்று தெளிவாகச் சொன்னவரை நாலு நாள் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவர் சொன்னதைப் பதிவு செய்துகொண்டு உடனே வேறு ஆளைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அதே 39-வது பிரிவில் சட்டம் ஓர் உதாரணம் சொல்கிறது. அதிலும் ஒரு பாடகி! இரண்டு மாதத்துக்கு, வாரம் இரண்டு இரவு பாட ஒப்புக்கொண்டவர், ஆறாவது இரவு வேண்டுமென்றே வரவில்லை. அப்போதே நிர்வாகம் ஒப்பந்தத்தை முடித்திருக்கலாம். ஆனால் ஏழாவது இரவு வந்தவரை மேடையேற்றிவிட்டது. இனிமேல் அந்தக் காரணத்தைச் சொல்லி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. ஆறாவது இரவுக்கான நஷ்டஈட்டை மட்டும் கேட்கலாம்.

தாமதத்தில் இன்னும் கறார். நேரம் முக்கியம் என்று பேசியிருந்தும், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்றுக்கொள்ளும்போதே 'இதற்கு நஷ்டஈடு கேட்பேன்' என்று தெரிவித்திருக்க வேண்டும். அன்று மௌனமாக இருந்துவிட்டு அடுத்த மாதம் கேட்டால் 55-வது பிரிவு குறுக்கே நிற்கும். கல்யாண வீட்டில் சண்டை போடத் தேவையில்லை. மாமாவோ சித்தப்பாவோ யாராவது ஒருவர், '6 மணிக்கு வர வேண்டியவர்கள் 8 மணிக்கு வந்திருக்கிறீர்கள். இதற்கான இழப்பைக் கணக்கில் கழிப்போம்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் போதும்.

சரி, எவ்வளவு கேட்கலாம்?

மீறலால் இயல்பாக உண்டாகும் நஷ்டம், அல்லது ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டம். இவை இரண்டையும்தான் கேட்கலாம். தூரத்து நஷ்டத்தைக் கேட்க முடியாது. இது 73-வது பிரிவு.

அந்தச் சமையல் கான்ட்ராக்டர் கதையையே எடுத்துக்கொள்வோம். இலைக்கு 300 ரூபாய், 500 இலை, மொத்தம் 1,50,000 ரூபாய் என்று பேச்சு. அவர் கைவிட்டதால் கடைசி நேரத்தில் இலைக்கு 380 ரூபாய்க்கு வேறு ஆள் பிடிக்கிறீர்கள். கூடுதல் செலவு 40,000 ரூபாய். இதுதான் உங்கள் நஷ்டம். இதோடு கொடுத்த அட்வான்ஸையும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் 380 ரூபாய்க்கு ஆள் கிடைத்தும், 'அவன் காசுதானே' என்று 600 ரூபாய் ஹோட்டல் சாப்பாடு போட்டால், அந்த வித்தியாசம் கிடைக்காது. நஷ்டத்தைக் குறைக்க உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதையும் சட்டம் பார்க்கும்.

'இருவருக்கும் தெரிந்த நஷ்டம்' என்பதற்கு 1854-ம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று உலகப் புகழ்பெற்றது. ஒரு மாவு மில்லின் இயந்திரத் தண்டு உடைந்துபோனது. புதிதாகச் செய்ய மாதிரிக்காக அதை அனுப்பினார்கள். கொண்டுபோனவர்கள் தாமதம் செய்ததால் மில் பல நாள் ஓடவில்லை. அந்த நாள்களின் லாபத்தை மில்காரர்கள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. மில்லில் மாற்றுத் தண்டு இல்லை, இது வராவிட்டால் மில்லே நிற்கும் என்பது கொண்டுபோனவர்களுக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

நமக்கான பாடம் எளிது. போட்டோகிராபரிடம் 'கல்யாணத்துக்கு வாங்க' என்று மட்டும் சொல்வதற்கும், 'வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்காக லைவ் போக வேண்டும். அதற்கு இவ்வளவு செலவு செய்து தனி இணைய இணைப்பு எடுத்திருக்கிறோம்' என்று சொல்லி வைப்பதற்கும், பின்னால் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

'திருப்பித் தரப்பட மாட்டாது' - நிஜமாகவா?

இப்போது அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம். மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தால் என்ன ஆகும்? 74-வது பிரிவு சொல்வது இது: எதிர்த் தரப்புக்கு நியாயமான நஷ்டஈடு கிடைக்கும், அது எழுதியிருக்கும் தொகையைத் தாண்டக் கூடாது. அதாவது எழுதிய தொகை ஆட்டோமேட்டிக்காகச் சேர்ந்துவிடாது.

2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கைலாஷ் நாத் தீர்ப்பு இதை விளக்குகிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-ல் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்த நிறுவனம் 78 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டியது. மீதிப் பணம் கட்டுவது இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஆணையம் ஒப்பந்தத்தை ரத்து செய்து, முன்பணத்தையும் எடுத்துக்கொண்டது. அப்புறம் அதே மனையை 11.78 கோடி ரூபாய்க்கு மறு ஏலம் விட்டது. 'உங்களுக்கு நஷ்டமே இல்லையே, லாபம்தானே வந்திருக்கிறது. அப்புறம் எதற்கு முன்பணத்தைப் பறிமுதல் செய்தீர்கள்?' என்பதுதான் தீர்ப்பின் சாரம். நிறுவனத்தின் மீது மீறலும் இல்லை என்றது நீதிமன்றம். முன்பணத்தைத் திருப்பித் தர உத்தரவானது.

இதை மண்டபத்தில் பொருத்திப் பாருங்கள். வாடகை 2 லட்சம், அட்வான்ஸ் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் முன்பே கேன்சல் செய்துவிட்டீர்கள். அதே முகூர்த்த நாளுக்கு அதே வாடகையில் வேறு கல்யாணம் புக் ஆகிவிட்டது. மண்டபத்துக்கு என்ன நஷ்டம்? அலுவலகச் செலவு கொஞ்சம் இருக்கலாம். முழு 1 லட்சத்தையும் வைத்துக்கொள்ள நியாயம் இல்லை என்று நீங்கள் வாதாடலாம்.

அதே கேன்சலை மூன்று நாள் முன்பு செய்தால் கதை வேறு. மண்டபம் காலியாகக் கிடக்கும். அந்த நஷ்டம் நிஜம். அட்வான்ஸ் போவதற்கு வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தவென்றே கொடுக்கும் முன்பணம் மொத்தத் தொகையில் நியாயமான சிறு பங்காக இருந்தால், அதைப் பறிமுதல் செய்வதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதும் உண்டு. அதனால் இதை 'எப்படியும் திரும்பக் கிடைக்கும்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேன்சல் செய்வதாக இருந்தால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, உங்கள் பக்கம் அவ்வளவு பலம்.

வேலை பாண்ட்: பயப்பட வேண்டியது எதற்கு?

'பாண்டெல்லாம் கோர்ட்ல செல்லாது மச்சி' என்று ஹாஸ்டல் அறையில் கிடைக்கும் சட்ட ஆலோசனையை நம்பி விடாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் ஒரு பாண்ட் செல்லும் என்றே சொல்லியிருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அது. முன்கூட்டியே விலகி வேறு வங்கிக்குப் போன அதிகாரி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டார். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். பொதுத்துறை வங்கி ஒருவரை எடுக்க வெளிப்படையாக விளம்பரம் செய்து, தேர்வு நடத்தி செலவு செய்கிறது. அந்த உயர் பதவியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 2 லட்சம் என்பது ராஜினாமாவே செய்ய முடியாத அளவுக்குப் பெரிய தொகையும் இல்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை.

கவனியுங்கள். இங்கேயும் கேள்வி 'நியாயமா, செலவு உண்டா, தொகை அளவோடு இருக்கிறதா' என்பதுதான். மாதம் 15,000 ரூபாய் சம்பளம், பெயருக்கு ஒரு வாரப் பயிற்சி, விலகினால் 3 லட்சம் என்று ஒரு கம்பெனி எழுதி வாங்கியிருந்தால், அதே கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க நீதிமன்றம் உத்தரவிடாது. ஆளின் சொந்தத் திறமையை நம்பிப் போடும் ஒப்பந்தங்களை வலுக்கட்டாயமாக நிறைவேற்ற முடியாது என்பது சட்டம். கம்பெனி கேட்கக்கூடியது பணம் மட்டும்தான். இரண்டு, வெறும் ஒப்பந்த மீறல் என்பது போலீஸ் கேஸ் அல்ல. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி ஆகும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 'ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுத்துடுவோம்' என்று எச்.ஆர் மிரட்டினால் பதற வேண்டாம். மண்டபக்காரரை நீங்கள் அப்படி மிரட்டுவதிலும் அர்த்தம் இல்லை.

ஒப்பந்தத்திலிருந்து வெளியே வரும் வழிகள்

மீறாமலேயே ஓர் ஒப்பந்தம் முடிவதற்கும் வழிகள் இருக்கின்றன. முதல் வழி, இருவரும் சொன்னதைச் செய்து முடிப்பது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் முடிகின்றன.

இரண்டாவது, பேசி மாற்றிக்கொள்வது. இருவரும் சம்மதித்து பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதிதாக ஒன்று போட்டால், பழையதைச் செய்யத் தேவையில்லை என்கிறது 62-வது பிரிவு. கல்யாணம் தை மாதத்திலிருந்து வைகாசிக்குத் தள்ளிப்போனால், 'இந்த அட்வான்ஸ் அந்தத் தேதிக்கு' என்று எழுதி வாங்கிக்கொள்வது இந்த வகை. ஓர் எச்சரிக்கையும் உண்டு. வர வேண்டிய 50,000-க்குப் பதில் 20,000 வாங்கிக்கொண்டு 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று ஒப்புக்கொண்டால், 63-வது பிரிவின்படி மீதி 30,000 போச்சு. பாதிப் பணம் வாங்கும்போது 'பகுதித் தொகை பெற்றேன்' என்று எழுதுங்கள்.

மூன்றாவது, செய்யவே முடியாமல் போவது. 56-வது பிரிவு. 1902 ஜூனில் லண்டனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் நடப்பதாக இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஒருவர், ஊர்வலம் போகும் தெருவில் ஒரு வீட்டை இரண்டு நாள் பகலுக்கு 75 பவுண்டுக்குப் பேசி, 25 பவுண்டு அட்வான்ஸ் கொடுத்தார். மன்னருக்கு உடம்பு சரியில்லாமல் ஊர்வலம் தள்ளிப்போனது. வீடு அப்படியேதான் இருந்தது. ஆனால் வாடகைக்கு எடுத்த நோக்கமே போய்விட்டது. அது இருவருக்கும் தெரிந்த நோக்கம். மீதி 50 பவுண்டை அவர் தர வேண்டியதில்லை என்று 1903-ல் தீர்ப்பானது.

2020 ஊரடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அரசே மண்டபங்களை மூடச் சொன்னது; பிறகு கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வைத்தது. இந்த மாதிரி நேரத்தில் முதலில் அக்ரிமென்டில் 'பேரிடர், அரசுத் தடை' பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதுதான் முதலில் பேசும். இல்லாவிட்டால் 56-வது பிரிவு. அப்படி ஒப்பந்தம் செல்லாமல் போனால், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. அதற்கும் சட்டம் சொல்லும் உதாரணம் ஒரு பாடகர்தான். முன்பணம் வாங்கியவர் நோயால் பாட முடியாமல் போனால், எதிர்பார்த்த லாபத்துக்கெல்லாம் அவர் பொறுப்பில்லை. ஆனால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

'செய்ய முடியாது' என்பதும் 'செய்தால் கட்டுப்படியாகாது' என்பதும் வேறு வேறு. இந்தோனேசியாவில் நிலக்கரி விலை ஏறிவிட்டதால் பேசிய விலைக்கு மின்சாரம் தர முடியாது என்று மின் நிறுவனங்கள் சொன்ன வழக்கில், விலையேற்றம் ஒப்பந்தத்தை முறிக்காது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'தக்காளி விலை ஏறிடுச்சு சார், இலைக்கு 50 ரூபா சேர்த்துக் கொடுங்க' என்பதற்கும் அதுவே பதில்.

அதேபோல, இரு வீட்டாருக்கும் ஒத்துப்போகாமல் கல்யாணம் நின்றுபோனால் அது 56-வது பிரிவில் வராது. அது உங்கள் வீட்டு முடிவு; மண்டபம் தயாராகத்தான் இருக்கிறது. வீட்டில் துக்கம் நடந்து தள்ளிவைக்கும் நிலையிலும், சட்டப்படி விடுதலை கிடைப்பது கஷ்டம். ஆனால் அப்போதும் 74-வது பிரிவின் கணக்கு உங்களுக்குத் துணை நிற்கும்: அவர்களுக்கு எவ்வளவு நஷ்டம்?

நீங்கள் செய்ய வேண்டியது

அட்வான்ஸ் கொடுக்கும் முன்: தேதி, நேரம், மொத்தத் தொகை, என்னென்ன கிடைக்கும், கேன்சல் செய்தால் எத்தனை நாள் முன்பு எவ்வளவு திரும்பும். இந்த ஐந்தையும் ஒரே மெசேஜில் போட்டு 'சரி' என்று பதில் வாங்குங்கள். பணத்தை யு.பி.ஐ-யில் அனுப்பினால் தடயம் இருக்கும். போன் மாற்றினாலும் சாட்டை அழிக்காதீர்கள்.

பிரச்னை வந்த பின்: நடந்ததை அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மாற்று ஏற்பாட்டுக்கான பில்களைச் சேர்த்து வையுங்கள். மண்டபம், கேட்டரிங், போட்டோ போன்ற சேவைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மன உளைச்சலுக்கும் அங்கே இழப்பீடு கேட்கலாம். சிவில் வழக்கு என்றால் மூன்று ஆண்டுகள் அவகாசம். வேலை பாண்ட் நுகர்வோர் விவகாரம் அல்ல. அதற்கு வக்கீலைப் பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அந்த உதவி உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், முதல் வேலையாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள். 'நாங்கள் இந்தத் தேதியில் கேன்சல் செய்தோம். அதே நாளுக்கு வேறு புக்கிங் ஆனதா? எங்களால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்று கணக்குக் கொடுங்கள். அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தாருங்கள்.' சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.